நாற்பது மீட்டர்

பதினோரு ஆண்டாகப் பூங்காவின் சாவி என் இடுப்பில்.
காலை ஆறுக்குத் திறப்பு, மாலை ஆறுக்குப் பூட்டு.
இங்கே ஜூலைதான் கடுங்குளிர்;
தெற்குக் கடலிலிருந்து காற்று ஏறி வரும்,
பூட்டு விரலோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய கழிப்பறைக்கு வாசலில் இரண்டு படி.
இரண்டே படிதானே என்பார்கள்,
இரண்டு காலால் ஏறிப் போகிறவர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நையரி வருவாள்.
மகன் டமாடிக்கு இருபத்திரண்டு வயது,
அறுபத்தெட்டு கிலோ.
சக்கர நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி
முதுகு வில்லாக வளைய இழுத்து ஏற்றுவாள்.
உள்ளே கைக்குழந்தைகளுக்கான பலகை ஒன்று,
பதினைந்து கிலோவுக்கு மேல் கூடாது என்ற எச்சரிக்கையோடு.
ஆகவே தரை.
அவள் வரும் நேரம் எனக்குத் தெரியும்.
இரண்டு முறை கழுவி, ரப்பர் துடைப்பானால் நீரை வழித்து,
என் மழைக்கோட்டை உள்புறம் மேலாக விரித்துவிட்டு
வெளியே போய் இலை கூட்டுவேன்.
நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை.
வானிலையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம்.

புதிய கட்டடத்துக்காகக் கூட்டம் போட்டார்கள்.
கதவின் நிறத்துக்கு முக்கால் மணி நேரம்.
"எத்தனை பேருக்காக இவ்வளவு செலவு?"
என்று ஒருவர் எழுந்து கேட்டார்.
வந்து போனவர்களின் கணக்கு அவர் கையில் இருந்தது.
படியைப் பார்த்துவிட்டுக் காரிலிருந்து இறங்காதவர்களின் கணக்கு
என்னிடம் இருந்தது.
கை தூக்கினேன்.
தேநீர் இடைவேளை வந்துவிட்டது.
கடைசியில், என் வாளி நிரப்பத் தாழ்வாக ஒரு குழாய் கேட்டேன்.
குறித்துக்கொண்டார்கள்.

கட்டினார்கள். குறை சொல்ல முடியாது.
தள்ளினால் வழுக்கிப் போகும் அகலக் கதவு,
ஆளைத் தூக்கும் எந்திரம்,
பெரியவர் ஒருவர் நீட்டிப் படுக்க ஏறி இறங்கும் மேசை,
விழுந்தவர் கைக்கு எட்டத் தரைவரை தொங்கும் சிவப்புக் கயிறு.
முதல் வாரமே யாரோ அந்தக் கயிற்றை
அழகாகச் சுருட்டி மேலே முடிந்து வைத்தார்கள்.
அவிழ்த்தேன்.
மறுநாளும் அவிழ்த்தேன்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு நாற்பது மீட்டர்.
முழுக்கச் சரளைக்கல்.
கட்டடம் ஒரு துறை, பாதை இன்னொரு துறை;
பாதைக்குப் பணம் அடுத்த ஆண்டு.

அந்த வெள்ளிக்கிழமை
முன்சக்கரம் இரண்டும் கல்லுக்குள் புதைந்தன.
டமாடி தன் எழுத்துப் பலகையை ஒவ்வொன்றாகத் தொட்டான்:
கப்பல் தரைதட்டிவிட்டது.

பழைய கதவுகள் ஆறு
தச்சன் ஃபெட்டுவின் லாரியில் கிடந்தன,
குப்பைமேட்டுக்குப் போகக் காத்து.
அவன் என்னைப் பார்த்தான், நான் லாரியைப் பார்த்தேன்.
கல்லின் மேல் வரிசையாகக் கிடத்தினோம்.
ஆறு கதவு பன்னிரண்டு மீட்டர்;
மிச்சத்துக்கு,
பின்னால் உருண்டு முடிந்ததைத் தூக்கி ஓடி
முன்னால் வைத்தோம்.
மொவானா, உன்னை மறக்கமாட்டேன். சக்கரம் ஏறிப் போனது.
ரக்பி நடுவருக்கு ஒரு வசவு. அதன் மேலும்.
பாதி அழிந்த தொலைபேசி எண், ஒரு மீன்,
பேனாக்கத்தியால் செதுக்கிய யாரோ ஒருவரின் பிறந்தநாள்.
ஐந்தாம் கதவில் நான் மூச்சு வாங்க நின்றபோது
டமாடி பலகையைத் தட்டினான்:
அவசரம்.
நையரி சிரித்தாள்; சிரிப்பில் கை தளர்ந்து
நாற்காலி கொஞ்சம் பின்னுக்கு உருண்டது.

அனுமதியற்ற தளம் அமைத்ததற்கு விளக்கம் கேட்டு
எனக்கு ஒரு கடிதம் வந்தது.
மார்ச்சில் சிமெண்டும் வந்தது.
காயும் முன்பே ஒரு நாய் குறுக்கே நடந்துவிட்டது.

மழைக்கோட்டு ஆணியில் தொங்குகிறது.
மழைக்கு மட்டும் எடுக்கிறேன்.

குழாய் வரவில்லை.
கைகழுவும் தொட்டியில் வாளியைச் சாய்த்துப் பிடித்தால்
பாதிதான் நிரம்பும்.
எழுதிப் போட்டிருக்கிறோம்.
வாசகம் டமாடியுடையது.
ஒரு சொல்லை மட்டும் நையரி அடித்துவிட்டாள்.